இயந்திரத்தின் முதல் நிறம்

பழைய மோட்டார் வண்டியொன்றைப் புதுக்க முற்படுவோர் அதன் புறவுடலின் நிறத்தையே பெரிதும் ஆராய்வர். தெருவிற் போவோர் கண்ணிற் படுவது அதுவேயாதலின் அஃது இயல்பே. ஆயின் முன்மூடியைத் திறந்து உள்ளே நோக்கினால், இயந்திரம் வெள்ளிப்பூச்சினால் மினுங்குவதையோ, கடையில் அன்று கிடைத்த ஒரு சிவப்பிலோ நீலத்திலோ தோய்ந்து நிற்பதையோ அடிக்கடி காண்கிறோம். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அவ்வியந்திரம் எந்நிறம் பெற்றிருந்தது? அந்நிறத்தை இன்று எவ்வாறு அறிந்து, எவ்வாறு மீளப் பெறலாம்? இவ்வினாக்களுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிப்போர்க்கு இயந்திரத்தில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். பழைய ஏட்டினின்று மூலபாடத்தைக் கண்டெடுப்பதும், பழைய இரும்பினின்று முதல் நிறத்தைக் கண்டெடுப்பதும் ஒரே வகையான பணி என்பது நம் கருத்து. அதனைக் கட்டுரையின் இறுதியிற் காட்டுவாம்.

இயந்திரத்துக்கு நிறம் எதற்கு?

இயந்திரத்தின் உடற்பகுதி பெரும்பாலும் வார்ப்பிரும்பாலானது. வார்ப்பிரும்பு ஈரக்காற்றிற் பட்ட சில நாளிலேயே துருவேறத் தொடங்கும். ஆகவே வர்ணம் முதலில் ஒரு காப்பு. எண்ணெய் எங்கே கசிகின்றது என்பதைத் தூய வர்ணத்தின் மேலே எளிதிற் காணலாம் என்பது இரண்டாவது பயன். மூன்றாவது பயன் அடையாளமாகும். 1928 முதல் 1931 வரை போட் நிறுவனம் செய்த 'ஏ' மாதிரி வண்டியின் இயந்திரம் பச்சை. செவரலே 1955 இல் வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் இயந்திரம் செம்மஞ்சள். 1977 அளவில் அந்நிறம் நீலமாயிற்று. போட் 1966 இல் தன் இயந்திரங்கள் பலவற்றுக்கும் பொதுவாக ஒரு நீலத்தை வகுத்தது. எம்.ஜி. வண்டிகள் பலவற்றின் இயந்திரங்கள் கருஞ்சிவப்பு நிறம் பெற்றன. எனவே இயந்திரத்தின் நிறம் அதனைச் செய்தவர் யார், செய்த காலம் யாது என்பவற்றுக்கு ஒரு சான்றாகும். அதனை அழித்து மனம்போனவாறு வேறொன்றைப் பூசுதல் ஒரு சான்றை அழித்தலாகும்.

ஓர் உதாரணம்: மொறிஸ் மைனர்

நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனரையே உதாரணமாகக் கொள்வோம். சேர் அலெக் இசிகோனிசு என்பவரால் வடிவமைக்கப்பெற்று 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்த இவ்வண்டி 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பிரித்தானிய வண்டிகளுள் முதன்முதற் பத்து இலட்சத்தைத் தாண்டியது இதுவே. முதலில் இதற்கு 918 கன சதம மீற்றர் கொள்ளளவுடைய பக்க வால்வு இயந்திரம் பொருத்தப்பட்டது. 1952 இல் ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு பெரு நிறுவனங்களும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேசன் ஆயின. ஒஸ்ரின் 1951 இல் தன் ஏ30 வண்டிக்கு ஆக்கிய 'ஏ வரிசை' இயந்திரம் அதன்பின் மைனருக்கும் வந்து சேர்ந்தது. அதன் கொள்ளளவு முதலில் 803 ஆகவும், 1956 முதல் 948 ஆகவும், 1962 முதல் 1098 ஆகவும் இருந்தது. மைனரில் இடம்பெற்ற இவ்வரிசை இயந்திரங்கள் பச்சை வர்ணம் பூசப்பெற்றவை.

இங்கே ஒன்று நோக்கற்பாலது. 1950களிற் சில ஆண்டுகள் மொறிஸ் வண்டியின் தொடரிலக்கத்தின் முன்னே மூன்று எழுத்துக்கள் நின்றன. முதலெழுத்து வண்டியின் வகையையும், இரண்டாமெழுத்து உடலின் வகையையும், மூன்றாமெழுத்து உடலின் நிறத்தையும் குறித்தன. மூன்றாமிடத்தில் 'ஏ' நின்றால் கறுப்பு; 'ஈ' நின்றால் பச்சை. இவ்வாறு உடலின் நிறம் தகட்டிலே பொறிக்கப்பட்டது. இயந்திரத்தின் நிறத்துக்கு அவ்வெழுத்துக்களில் இடமில்லை. அது இரும்பின் மேலேதான் எழுதப்பட்டிருக்கின்றது. அங்கேயே அதனைத் தேடவேண்டும்.

தேடுமுன் அறியவேண்டியது, அவ்வியந்திரம் அவ்வண்டிக்கே உரியதா என்பது. பிற்கால மைனர்களில் இயந்திர இலக்கம் 9 எனத் தொடங்கினால் அது 948 வகை. 10 எனத் தொடங்கினால் 1098 வகை. 1958 இற் செய்யப்பட்ட வண்டியில் 10 எனத் தொடங்கும் இயந்திரம் இருப்பின், அது பின்னர் மாற்றப்பட்டதென்பது வெளிப்படை. அவ்வியந்திரத்திற் காணும் நிறம் எதுவாயினும் 1958 ஆம் ஆண்டு நிறத்துக்குச் சான்றாகாது.

சொல் சான்றாகாது

பச்சை என்று அறிந்தோமே, கடைக்குச் சென்று பச்சை வாங்கலாமே எனின், அது போதாது. பசுமை என்னும் அடியினின்றே பச்சையும் பிறந்தது. பிரிவுற்ற தலைவியின் மேனியிற் படரும் பசலையும் பிறந்தது. பசும்பொன் என்னும்போது அதே அடி பொன்னின் மஞ்சளுக்கு அடையாகின்றது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, மரகதப் பச்சை என நாம் பகுத்துக் கூறினும், ஒருவர் மனத்திலுள்ள பாசி மற்றொருவர் மனத்திலுள்ள பாசியன்று. வர்ணம் விற்போர் நிலையும் இதுவே. பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேசனின் இயந்திரப் பச்சை என்ற ஒரே பெயரால் வெவ்வேறு வணிகர் விற்கும் தகரங்களைத் திறந்து அருகருகே பூசிப் பார்த்தால் அவை தம்முள் வேறுபடுதலைக் காணலாம். பெயரை நம்பாது பொருளை நோக்குதலே முறை.

எங்கே தேடுவது?

வெளியே தெரியும் பூச்சு வெப்பத்தாலும் எண்ணெயாலும் ஒளியாலும் மாறியிருக்கும். ஆகவே இம்மூன்றும் சென்று சேராத மறைவிடங்களை நாடவேண்டும். டைனமோவைக் கழற்றினால் அதனைத் தாங்கும் இரும்பின் பின்புறம்; எண்ணெய் வடிகட்டியின் தலைப்பகுதி பொருந்தும் இடத்தின் ஓரம்; நீர்ப்பம்பியின் விளிம்பு; வால்வுத் தண்டுகளை மறைக்கும் பக்கமூடிகளின் மடிப்பு; இயந்திரத்தைத் தாங்கும் தகடுகளின் உட்புறம் ஆகியவை சிறந்தவை. இயந்திர இலக்கத் தகட்டின் அடியிலும் பழைய வர்ணம் தங்கியிருக்கக்கூடும். ஆயினும் அத்தகட்டைக் கழற்றலாகாது. வண்டியின் பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கத்துக்கு அதுவே சாட்சி. அதன் ஓரங்களை மட்டும் நோக்கி அமைக.

தேடுமுன் இயந்திரத்தைக் கழுவுதலிலும் எச்சரிக்கை வேண்டும். சில வேலைத்தலங்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கக் கோஸ்ரிக் சோடாக் கரைசலிற் பாகங்களை ஊறவைப்பர். அது பிசுக்கோடு வர்ணத்தையும் அரித்துவிடும். மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையுமே முதற் கழுவலுக்குப் போதியன.

மறைவிடம் ஒன்று அகப்பட்டபின், மிக நுண்ணிய அரத்தாளை நீரில் நனைத்து, ஒரு சதக் காசின் அளவான இடத்தை நடுவினின்று வெளிநோக்கி வட்டமாகத் தேய்க்க வேண்டும். அப்பொழுது அடுக்கடுக்காகப் பூசப்பட்ட வர்ணங்கள், வெட்டிய மரத்தின் ஆண்டுவளையங்கள் போல ஒன்றனுள் ஒன்றாய்த் தோன்றும். நடுவில் இரும்பு, அதனைச் சூழ்ந்த முதல் வளையம் அடிப்பூச்சாகவோ முதல் நிறமாகவோ இருக்கும், புறவளையம் இறுதியாகப் பூசியது. ஓரிடத்தைத் தேய்த்து முடிவு கூறாது மூன்று நான்கு இடங்களிலேனும் தேய்த்து ஒப்பிடல் வேண்டும். எல்லா இடங்களிலும் இரும்பை அடுத்து ஒரே நிறம் வருமாயின் அதனை முதல் நிறமெனக் கொள்ளலாம். ஒரு பாகத்தில் மட்டும் வேறு நிறம் வருமாயின் அப்பாகம் வேறோர் இயந்திரத்தினின்று எடுத்துப் பொருத்தப்பட்டதாகலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. அக்கால வர்ணங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. உலரத் தேய்த்தால் எழும் தூசி நஞ்சாகும். குழந்தைகளுக்கு அதனாற் பெருந்தீங்கு விளையும். ஆகவே எப்பொழுதும் நனைத்தே தேய்க்க வேண்டும். வாயும் மூக்கும் மூடியிருத்தல் வேண்டும். தேய்த்த கழிவைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ ஊற்றாது துணியால் ஒற்றியெடுத்துப் புறம்பாக வைத்தல் வேண்டும்.

நிறம் ஏன் மாறுகிறது?

வர்ணத்தில் மூன்று பொருள்கள் உள்ளன: நிறம் தரும் தூள், அத்தூளைப் பிணைக்கும் பிசின், பூசுதற்கு எளிதாக்கிப் பின்னர் ஆவியாய்ப் போகும் கரைப்பான். எஞ்சுவன முதலிரண்டுமே. இயந்திரத்துட் சுழலும் நீர் ஏறக்குறைய 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடேறும். புகை வெளியேறும் குழாயோ பல நூறு பாகையை எட்டும். எனவே புகைக்குழாய்க்கு அண்மையிலுள்ள வர்ணம் கருகும். தொலைவிலுள்ளது பிசின் பழுப்பேறுதலால் மஞ்சட்சாயல் கொள்ளும். இவ்வாறு மஞ்சளேறிய பச்சையை முதல் நிறமென்று கருதி அதற்கிணங்க வர்ணம் கலந்தால், புதிதிலேயே முதுமையடைந்த ஒரு பச்சையே கிடைக்கும்.

நிறத்தூளும் மாறும். அக்காலத்துத் தொழிற்சாலைப் பொருள்களுக்குப் பெரிதும் வழங்கிய புருன்சுவிக் பச்சை என்பது, புருசிய நீலத்தையும் ஈயக்குரோமேற்று என்னும் மஞ்சளையும் சேர்த்த கலவை. புருசிய நீலம் காரத்துக்கு ஆற்றாது நிறமிழக்கும். மிகுந்த வெப்பத்திற் பழுப்பாகும். ஈயக்குரோமேற்று நாட்பட்ட ஒளியிற் கறுக்கும். இத்தகைய கலவையாயின், ஒரே இயந்திரத்தில் ஓரிடம் மஞ்சளோடியும், ஓரிடம் கருமையோடியும், ஓரிடம் பழுத்தும் தோன்றுதல் வியப்பன்று. மறைவிடத்தை நாடுக என மேலே கூறியதன் காரணம் இதுவே.

மறைவிடத்து நிறத்தையும் அவ்வாறே நம்பலாகாது. பழம்பூச்சின் மேற்றோல் சுண்ணாம்பு படிந்தாற்போல வெளிறியிருக்கும். மெருகிடும் பசையால் அதனை மெல்லத் தேய்த்து நீக்கி, தூய எண்ணெய் ஒரு துளி இட்டுப் பார்த்தால் உள்ளிருந்த ஆழ்ந்த நிறம் வெளிப்படும். மழையில் நனைந்த கல் கருமையாய்த் தோன்றுவதும் இக்காரணத்தாலேயே.

கண்ணும் ஒளியும்

இனி, காணும் கண்ணைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பிரான்சு தேசத்திற் கோபலின் நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞரிடம், கறுப்புச் சாயம் வலுவற்றது என்றொரு முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்திற் குற்றமில்லை. அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கச் செய்தன எனக் கண்டார். இவ்வாராய்ச்சியை விரித்து 1839 இல் ஒரு நூலும் வெளியிட்டார். அயலிலுள்ள நிறம் நாம் காணும் நிறத்தை மாற்றும் என்பதே அந்நூலின் சாரம். எனவே சிவப்பு ஓட்டின் மேலோ, நீலச் சுவரின் அருகிலோ வைத்துப் பச்சையை மதிப்பிடலாகாது. சாம்பல்நிற மட்டையொன்றிற் சிறு துளையிட்டு, அத்துளையூடாகப் பழைய வர்ணத்தையும் புதிய வர்ணத்தையும் அடுத்தடுத்து நோக்குக.

ஒளியும் ஆராயத்தக்கது. வேப்பமர நிழல் வேலைக்குக் குளிர்ச்சி தரும். ஆனால் இலைகளூடாக வரும் ஒளி பச்சைச் சாயலுடையது. மாலைவெயில் செம்மையுடையது. காலை ஒன்பது மணிக்கு மேல், நேர்வெயில் படாத திறந்த வெளியே நிறம் நோக்குதற்கு ஏற்றது. மின்குழல் விளக்கின்கீழ் ஒத்திருந்த இரு பச்சைகள் பகலொளியில் வேறுபடுதலும் உண்டு. அதன் காரணம், இரண்டும் வெவ்வேறு தூள்களாற் செய்யப்பட்டமையே. ஈயக்குரோமேற்று நஞ்சாதலின் இன்றைய வர்ணங்களில் அது பெரும்பாலும் விலக்கப்பட்டது; 1930களிற் சந்தைக்கு வந்த தாலோசயனின் என்னும் தூள்கள் நீலத்துக்கும் பச்சைக்கும் பெரிதும் பயன்படுகின்றன. ஆகவே பழைய தூளையும் புதிய தூளையும் எல்லா ஒளியிலும் ஒத்திருக்கச் செய்தல் அரிது. முன்மூடியைத் திறந்து வண்டியைப் பிறர் காண்பது பகலிலேயாதலின், பகலொளியில் ஒத்திருந்தாற் போதும் எனக் கொள்க.

நிறத்தை ஒளியலைகளாகப் பிரித்து அளக்கும் கருவிகளும் இன்று வர்ணம் கலப்போரிடம் உண்டு. அவை பயனுடையனவே. ஆயினும் கருவி தான் காண்பதையே அளக்கும். பழுப்பேறிய இடத்தைக் காட்டினால் பழுப்பையே நுட்பமாக அளந்து கூறும். வார்ப்பிரும்பின் கரடுமுரடான மேற்பரப்பிலும் அது தடுமாறும். சமதளமான ஒரு மூடித் தகட்டில், மெருகிட்டுத் தூய்மையாக்கிய இடத்தையே கருவிக்குக் காட்டுதல் வேண்டும்.

கலத்தலும் சோதித்தலும்

கலவைக்குத் தொடக்கமாகப் பிரித்தானிய நியமம் 381சி என்னும் நிற அட்டைகளைக் கொள்ளலாம். அதில் 225, 226, 227 என்னும் இலக்கங்கள் முறையே இளம், நடுத்தர, ஆழ்ந்த புருன்சுவிக் பச்சைகளைக் குறிக்கும். நாம் கண்ட நிறம் இவற்றுள் ஒன்றேயென்று துணிதல் தவறு. "226 இனும் சிறிது மஞ்சள் கூடியது, 225 இனும் சற்றுக் கருமையானது" என்றவாறு இலக்கத்தைச் சுட்டிக் கூறின், வர்ணம் கலப்போர் உடனே விளங்கிக்கொள்வர். பாசிப்பச்சை, கிளிப்பச்சை எனக் கூறி இடர்ப்பட வேண்டியதில்லை.

கலந்ததை நேரே இயந்திரத்திற் பூசாது, இரும்புத் தகடொன்றிற் பூசிச் சோதிக்க வேண்டும். இயந்திரத்துக்கு இடவிருக்கும் அடிப்பூச்சையே தகட்டுக்கும் இடுக; அத்தனை முறையே மேற்பூச்சும் பூசுக. சாம்பல் அடிப்பூச்சின் மேல் ஒருமுறை பூசிய பச்சையும், மூன்றுமுறை பூசிய பச்சையும் ஒன்றாகா. ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தபின் ஒரு நிறம். ஆதலின் சில நாள் உலரவிட்டபின் தகட்டை இயந்திரம் அடையும் அளவுக்குச் சில மணிநேரம் சூடேற்றிப் பின்னரே ஒப்பிடுக. பளபளப்பும் நிறத்தின் தோற்றத்தை மாற்றும். ஒரே பச்சை, மினுமினுப்பாக இருப்பின் ஆழ்ந்தும், மங்கலாக இருப்பின் வெளிறியும் தோன்றும். பழைய இயந்திரங்கள் இன்று கண்காட்சிகளிற் காண்பனபோலக் கண்ணாடியென ஒளிர்ந்தவை அல்ல என்பதையும் நினைவிற் கொள்க.

எக்காலத்து நிறம்?

இதுகாறும் கூறியன முறைகள். இனிக் கூறுவது இவற்றினும் கடினமான ஒரு வினா. தேய்த்துப் பார்த்தபோது பச்சைக்கு மேலே ஒரு நீலமும், அதற்கு மேலே வெள்ளியும் தோன்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அல்லது இரும்பை அடுத்தே பொன்னிறம் தோன்றுகின்றது என்க. பொன்னிறம் வந்தால் பிழையென்று தள்ளற்க. பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேசன் பழைய இயந்திரங்களை வாங்கிச் செப்பனிட்டு, 'பொன் முத்திரை' என்னும் பெயரால் மாற்று இயந்திரங்களாக விற்றது. அவை பொன்னிறம் பூசப்பட்டவை. அவ்வாறாயின் அவ்வியந்திரத்துக்குப் பொன்னிறமே தொழிற்சாலை நிறம். ஆனால் அவ்வண்டியின் பிறப்புநிறம் அதுவன்று.

நம் யாழ்ப்பாணத்து வண்டிகளுக்கு இவ்வினா இன்னும் பெரிது. 1990 இல் எரிபொருளுக்குத் தடை வந்தபின், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் கருவுற்றாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை அவ்வண்டிகள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் மூட்டைகளைச் சுமந்தவையும் அவையே. உதிரிப்பாகமும் வர்ணமும் அரிதான அந்நாளில், கராச்சிலிருந்தவர்கள் கைக்கெட்டிய வர்ணத்தைக் கொண்டு துருவைத் தடுத்தனர். அந்த நீலமும் வெள்ளியும் அறியாமையாற் பூசப்பட்டன அல்ல. வண்டியை உயிரோடு வைத்திருக்கப் பூசப்பட்டன. பச்சையை மீட்கும் ஆர்வத்தில் அவற்றை முற்றாகச் சுரண்டியெறிந்தால், தொழிற்சாலையின் வரலாறு மீளும். அவ்வண்டியை ஓட்டியவரின் வரலாறு அழியும்.

இவ்விடத்திலேயே ஏட்டுப் பதிப்பு நமக்கு வழிகாட்டுகின்றது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901), செல்லரித்த ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கி, 1887 இற் கலித்தொகையை அச்சிட்டார்கள். ஏடு பதிப்பிப்போர் பலவாய் வரும் பாடங்களுள் ஒன்றை மூலமெனத் துணிவர். ஏனையவற்றைப் பாடபேதமெனக் குறித்து வைப்பர். அவ்வாறு குறித்து வைத்தமையாலன்றோ, பின்வந்தோர் தாமும் ஆராய்ந்து வேறு முடிவு காண இடமுண்டாயிற்று? வண்டியைப் புதுக்குவோரும் அதுவே செய்யலாம். முதல் நிறத்தைத் துணிந்து பூசுக. ஆனால் டைனமோவின் பின்னே, கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், தேய்த்துக் கண்ட அவ்வளையங்களை அழிக்காது நிறமற்ற மெருகெண்ணெய் பூசி விட்டுவைக்க.

இறுதியாகச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. எந்தெந்த இடத்தில் எந்நிற அடுக்குகள் கண்டோம், எந்த இலக்கத்தை அடிப்படையாகக் கொண்டோம், எதனோடு எதனை எவ்வளவு கலந்தோம், எந்த நாளிற் பூசினோம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, சோதனைக்குப் பூசிய இரும்புத் தகட்டையும் அத்துடன் கடதாசியிற் சுற்றி, வண்டியின் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்க. நம் பழைய மாணவருள் தந்தையாரின் வண்டியை இன்றும் கொட்டிலிற் காத்து வருவோர் உளர். அவர்கள் இப்பணியைத் தொடங்குங்கால் நம் கல்லூரி மாணவர் இருவர் மூவரையேனும் உடனழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே முதல் வட்டத்தைத் தேய்த்துக் காட்டுவாராக. இரசாயன பாடத்திற் படித்த ஈயக்குரோமேற்றையும், வீட்டில் முதியோர் கூறக்கேட்ட மண்ணெண்ணெய்க் காலத்தையும் அம்மாணவர் அங்கே ஒருசேரக் காண்பர்.